மடக்கெழுத்தாணி முதல் பட்டன் கத்தி வரை: சட்டைப்பைக் கத்தி பற்றிச் சில குறிப்புகள்

கத்தி என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் வருவது அரிவாள்மனையும் அரிவாளும்தான். சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்ளும் கத்திக்கு நாம் வழங்கும் பெயர் பேனாக்கத்தி. ஐரோப்பியர் வாத்திறகைச் சீவி எழுதிய காலத்தில் அந்த இறகு முனையைக் கூராக்க வைத்திருந்த சிறு கத்தி அது. இறகு போய் எஃகு முள் வந்தது, முள் போய் பால்பாயின்ட் வந்தது. பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் எழுதுகிறவன் கையில் மடக்குக் கத்தி இருந்தது வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் என்று எண்ணிவிட வேண்டாம். ஓலையில் எழுதிய நம் முன்னோர் வைத்திருந்த எழுத்தாணி வகைகளில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் எழுதும் ஊசிமுனை, மறுபக்கம் ஓலையை நறுக்கி ஓரம் வாரும் கத்தி. இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கிவிடும். மடியில் செருகிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். தினசரி கையோடு கொண்டுபோகும் கத்தி என்று இன்றைக்கு மேல்நாட்டார் ஒரு தனிப் பிரிவாகவே பேசுகிறார்களே, அதற்கு நம் பக்கத்து மூதாதை இதுதான் என்பது என் கருத்து.

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டபோது, பட்டன் கத்தியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "நீங்க சமணர். எறும்பைப் பார்த்து நடக்கிறவங்க. கத்தியைப் பத்தியா எழுதறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரையே அதற்குப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். (சமணர் என்றால் சேட்டு என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை: நாங்கள் வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். நயினார் என்பார்கள். வீட்டில் பேசுவது தமிழ், படிப்பது தமிழ்.)

சாம்பியன் ரீப்ஸில் எங்கள் கடை இரும்புச் சாமான் கடை. மண்வெட்டி, கடப்பாரை, ஆணி, பூட்டு, சாணைக்கல், கூடவே கத்தி. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயல் வேலையை எடுத்த பிறகு இங்கே மூன்று வகை மனிதர் சேர்ந்தார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கம் தெரிந்தவர்கள் வந்தார்கள். வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். அவர்களுக்குப் பின்னால், எங்களைப் போல அரிசியும் துணியும் இரும்பும் விற்க வந்தவர்கள். ஒவ்வொருவரும் அவரவர் கத்தியோடு வந்தார்கள் என்று சொல்வது மிகையாகாது. சுரங்கத்தில் கத்தி விளையாட்டுச் சாமான் அல்ல. கார்ன்வாலில் வில்லியம் பிக்ஃபோர்டு 1831இல் கண்டுபிடித்த பாதுகாப்புத் திரி, அடிக்கு ஏறத்தாழ 30 விநாடி என்ற கணக்கில் எரிவது. அதைச் செங்குத்தாக, பிசிறில்லாமல் வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தியால் நைந்து வெட்டினால் நெருப்பு தோட்டாவுக்குச் சரியாகப் போய்ச் சேராது, வெடிக்காத மருந்து பாறைக்குள் தங்கிவிடும். அடுத்த ஷிப்டில் அந்த இடத்தில் துளை போடுகிறவன் கதி என்ன? கூரான கத்தி அங்கே அகிம்சையின் கருவி. இதைப் பின்னால் மறுபடி தொட வேண்டியிருக்கும்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். அப்போது பழைய சாமான் கடைகளில் வந்து விழுந்தவற்றில் சட்டைப்பைக் கத்திகளும் இருந்தன. என் சேகரிப்பு அங்கே தொடங்கியது. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பொறித்த ஷெஃபீல்டு ஜோசப் ராட்ஜர்ஸ் பேனாக்கத்தி ஒன்று, சோலிங்கன் என்று வேர்ப்பகுதியில் பொறித்த ஜெர்மன் கத்தி இரண்டு, ஊர் பேர் இல்லாத நம் நாட்டுப் பட்டன் கத்தி சில. முதலில் எடைக்கு எடை இரும்பு விலைதான் கொடுத்தேன். நான் ஆர்வமாகப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் விலை ஏறிவிட்டது. வியாபாரிக்கு வியாபாரி!

சாதாரண மடக்குக் கத்தியை நகத்தால் பள்ளத்தில் பிடித்து இழுத்துத் திறக்கிறோம். அதற்கு இரண்டு கை வேண்டும். பட்டன் கத்தியில் பிடிக்குள் ஒரு ஸ்பிரிங் அலகைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஒரு முளை அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும். பட்டனை அழுத்தினால் முளை விலகும், அலகு பாய்ந்து திறந்து மறுபடி அதே முளையில் பூட்டிக்கொள்ளும். தத்துவம் அவ்வளவுதான். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷ்ரேட் என்பவர் 1892இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நியூயார்க் மாநிலத்து வால்டன் ஊரில் அவரும் சகோதரர்களும் 1904இல் கத்தித் தொழிற்சாலையே தொடங்கினார்கள். அந்நாளில் அது பண்ணையாளும் தையல்காரரும் ஒரு கையில் வேலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் திறக்கும் சௌகரியச் சாமான். இரண்டாம் உலகப் போரில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பாராசூட்டில் குதிக்கும் வீரன் மரத்தில் சிக்கித் தொங்கினால், ஒரு கையால் கத்தியைத் திறந்து கயிற்றை அறுத்தாக வேண்டும். ஜெர்மன் படைக்கு அலகு தன் எடையாலேயே வழுக்கி வெளியே வரும் கத்தி கொடுத்தார்கள். அமெரிக்கப் படைக்குப் பட்டன் கத்தி. எதிரியைக் குத்துவதற்கு அல்ல, தன் கயிற்றையே அறுத்துக்கொள்வதற்கு என்பது கவனிக்கத்தக்கது.

அப்புறம் எப்படிக் கெட்ட பேர் வந்தது? போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் இத்தாலியிலிருந்து ஒல்லியான, ஊசி முனையுள்ள, பார்க்க மிரட்டும் கத்திகளைக் கொண்டுவந்தார்கள். மானியாகோ, ஃப்ரோசொலோனே என்ற ஊர்கள் அவற்றுக்குப் பெயர் போனவை. 1950 நவம்பரில் ஒரு பெண்கள் பத்திரிகையில் இது கொல்லும் பொம்மை என்று கட்டுரை வந்தது. 1955இல் ஜேம்ஸ் டீன் நடித்த படத்தில் பள்ளிப் பையன்கள் பட்டன் கத்தியோடு சண்டை போட்டார்கள். 1957இல் ஒரு நீதிமன்றப் படத்தில் அந்தக் கத்தி மேஜை மேலேயே குத்தி நின்றது. 1958 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய அரசு மாநிலம் விட்டு மாநிலம் விற்பதையும் இறக்குமதியையும் தடை செய்தது. பிரிட்டன் 1959இல் தயாரிப்பையும் விற்பனையையும் தடுத்தது. குற்றத்தின் கணக்கைவிடச் சினிமாவின் கணக்கு அதிகம் பேசியது என்றே நான் நினைக்கிறேன்.

நம் நாட்டில் இந்தக் கதையின் நாயகன் ராம்பூரி. உத்தரப் பிரதேசத்து ராம்பூர், 1774இல் நவாப் ஃபைசுல்லா கானால் ஏற்பட்ட சமஸ்தானம். அரபு, பாரசீகச் சுவடிகளுக்குப் பேர்போன ரஸா நூலகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. சுவடிக்கும் கத்திக்கும் உறவு விடாது போலும்! நீண்ட அலகு, பித்தளை பதித்த பிடி, திறக்கும்போது பற்சக்கரம் கரகரவென்று எழுப்பும் ஓசை. எல்லா ராம்பூரியும் பட்டன் கத்தி அல்ல. பல கையால் இழுத்துத் திறந்து பூட்டிக்கொள்பவை. 1965இல் வந்த 'வக்த்' இந்திப் படத்தில் ராஜ்குமார் கத்தியைப் பற்றிப் பேசும் காட்சி அந்நாளில் மிகவும் பிரபலம். நம் தமிழ்ப் படங்களிலும் வில்லன் பட்டனை அழுத்தாத படம் குறைவு. கத்தி செய்த கைவினைஞர் பேரை எந்தப் படமும் சொல்லவில்லை. ரவுடி கைக்குப் போன பேர், போலீஸ் கெடுபிடி, மலிவான ஆலைக் கத்தி மூன்றும் சேர்ந்து அந்தத் தொழிலை ஒடுக்கிவிட்டன. 2023இல் ராம்பூரில் ஒரு நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளத்துக்கு ராட்சசக் கத்தி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். தொழில் மெலிந்த பிறகு சிலை எழுவது நம் நாட்டு வழக்கம்தானே.

இனி சட்டம். வாங்கப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகாமல் படிக்க வேண்டும். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் கீழ் 1962இல் செய்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் படைக்கலம் என்று வகுத்தன. அதிலேயே ஒரு விலக்கு: வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை சேரா. தில்லி நிர்வாகம் 1980 அக்டோபர் 29 தேதியிட்ட அறிவிக்கையில், ஸ்பிரிங்கால் திறப்பவை, கராரிதார் எனும் பற்சக்கரக் கத்தி, பட்டன்தார் எனும் பட்டன் கத்தி எல்லாவற்றையும் 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 7.62 செ.மீ. என்பது சரியாக 3 அங்குலம். தேர்தல், திருவிழா, கலவரக் காலங்களில் ஆயுதம் கொண்டுபோகத் தடை போட்டால், சின்னக் கத்தியும் அதில் மாட்டலாம். முன்பு 144 என்றோம், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவு. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் ஆகாது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்போர் அங்கிருந்து வாங்கிவரச் சொல்லும் முன் யோசிக்க வேண்டும். பிரிட்டனில் 2021 ஜூலை முதல் பட்டன் கத்தியை வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். ஜெர்மனி சிறிய பட்டன் கத்திகளை நெடுங்காலம் விட்டுவைத்திருந்து, 2024 அக்டோபரில் இறுக்கிவிட்டது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் எதிர்த்திசையில் தடையை நீக்கியிருக்கின்றன. ஊருக்கு ஒரு நியாயம்.

சட்டம் இப்படிச் சொல்கிறது. தருமம் என்ன சொல்கிறது? சமண இல்லறத்தார் ஏற்கும் விரதங்களில் அநர்த்த தண்ட விரதம் என்று ஒன்று. பயனில்லாமல் உயிர்களுக்குத் துன்பம் தரும் செயலை விடுவது. அதில் ஐந்து வகை சொல்வார்கள். இரண்டாவது இம்சாதானம், அதாவது கொல்லும் கருவியைப் பிறருக்குக் கொடுப்பது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதை விரிக்கிறார். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. சமந்தபத்திரர் தரும் பட்டியலைப் பார்த்து நான் இளவயதில் திகைத்துப்போனேன். கோடரி, வாள் இவற்றோடு மண் தோண்டும் கருவியும் இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. நாங்கள் விற்பதே மண்வெட்டியும் கடப்பாரையும். ஊரே தோண்டிப் பிழைக்கிற ஊர். அப்படியானால் கடையை மூட வேண்டியதுதானா?

பல ஆண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பட்டியலுக்குப் பிறகு ஆசிரியர் வைத்திருக்கும் அடைமொழியில்தான் விடை இருக்கிறது. கொலைக்குக் காரணமாகும் இவற்றைக் கொடுப்பது என்கிறார். விரதத்தின் பெயரிலேயே அநர்த்தம், அதாவது பயனின்மை, இருக்கிறது. இல்லறத்தான் நான்கு வகை இம்சையில் மனமறிந்து நினைந்து செய்யும் சங்கல்ப இம்சையை முற்றிலும் விட வேண்டும், வீட்டு வேலையிலும் தொழிலிலும் தவிர்க்க முடியாமல் நேர்வதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் விளக்குவர். ஆக, கேள்வி இரும்பைப் பற்றியது அல்ல, எதற்கு என்பதைப் பற்றியது. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் என்று 1962ஆம் வருஷத்து விதி போட்ட விலக்கும் இதையே தன் பாஷையில் சொல்கிறது. சமந்தபத்திரரும் தில்லி அரசு அதிகாரியும் ஒரே வாசலில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

என் தகப்பனார் இவ்வளவு ஆராயவில்லை. அவர் வைத்த விதி எளிது: அரிவாள்மனை, சூரி, பேனாக்கத்தி விற்கலாம், பட்டன் கத்தி விற்கக் கூடாது. ஒரே ஒரு தடவை அதை மாற்றினார். எழுபதுகளின் நடுவில், சுரங்கத்தில் இடது கையை முழங்கையோடு இழந்த ஒருவர் கடைக்கு வந்தார். "மொதலாளி, வெத்தல பாக்கு வெட்டணும்னாக்கூட பல்லால கடிச்சுத்தான் கத்தியத் தொறக்கறேன். போன வாரம் உதடு கிழிஞ்சிடுச்சு. அழுத்தினா தொறக்கற கத்தி ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க மேஸ்திரி" என்று அனுப்பினார். பெங்களூரிலிருந்து சிறிய பட்டன் கத்தி ஒன்றை வரவழைத்து, கூர்முனையைச் சாணையில் வைத்து வட்டமாகத் தேய்த்தார். வெட்டும், குத்தாது. வந்த விலைக்கே கொடுத்தார். வெகுநாள் கழித்து அமெரிக்காவின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தபோது, அதில் ஒரு விலக்கைக் கண்டேன். ஒரு கை மட்டும் உள்ளவர், 3 அங்குலம் வரை அலகுள்ள பட்டன் கத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். சாம்பியன் ரீப்ஸ் கடைக்காரரும் வாஷிங்டன் சட்டசபையும் ஒரே மனிதரை நினைத்திருக்கிறார்கள்.

சரி, பட்டன் கத்தி தேர்ந்தெடுக்க விரும்புகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? முதலில், தினசரிக்கா சேகரிப்புக்கா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. இரண்டு கையும் நன்றாக இருக்கிறவருக்குத் தினசரி வேலைக்கு நகத்தால் திறக்கும் சாதாரண மடக்குக் கத்தியே போதும் என்பது என் அபிப்பிராயம். கடிதம் கிழிக்க, சணல் அறுக்க, மாங்காய் நறுக்க ஸ்பிரிங் எதற்கு? கைவலி, வாதம், ஏணிமேல் வேலை என்று காரணம் உள்ளவர் பட்டன் கத்தி எடுக்கட்டும். அலகு 3 அங்குலத்துக்குள், ஒரு பக்கம் மட்டும் கூர், முனை மழுங்கல். இருபக்கக் கூர் உள்ளதைத் தொட வேண்டாம், அது வேலைக்கு ஆனது அல்ல.

பக்கவாட்டில் திறப்பதை வாங்குங்கள். பிடியின் முன்வாய் வழியாக நேராகப் பாயும் வகை பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அதன் அலகு பள்ளத்தில் ஓட இடைவெளி வேண்டுமாகையால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், பையின் பஞ்சும் தூசும் உள்ளே போய் பாதியில் நின்றுவிடும். திறந்ததும் அலகின் நுனியைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். இடம் வலம் மயிரிழை ஆட்டம் பரவாயில்லை, அச்சாணித் திருகை முடுக்கலாம். மேல் கீழ் ஆடினால் பூட்டு முளை தேய்ந்துவிட்டது, வைத்துவிட்டு வாருங்கள். பட்டன் பக்கத்தில் நகர்த்து தாழ் இருக்கிறதா, அது தானாக நகராமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பைக்குள் திறந்துகொண்ட பட்டன் கத்தி, தொடையில் தையல் போட வைக்கும்.

எஃகு விஷயத்தில் கடைக்காரன் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். துருப்பிடிக்காது என்பதற்குக் குரோமியம் 12, 13 சதவீதமாவது வேண்டும். 154 சி.எம். என்று பொறித்திருந்தால் குரோமியம் 14, மாலிப்டினம் 4 சதவீதம் அளவில் இருக்கும், நல்ல எஃகு. பழைய கார்பன் எஃகு எளிதில் துருப்பிடிக்கும், ஆனால் வீட்டுச் சாணைக்கல்லிலேயே அருமையாகக் கூராகும். எதுவானாலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பிசுக்கேறி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும்.

சேகரிக்கிறவருக்கு வேறு கணக்கு. அலகின் வேர்ப்பகுதியில் உள்ள முத்திரையைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள். பளபளவென்று தேய்த்து முத்திரையே அழிந்த கத்திக்கு மதிப்பில்லை. அசல் ஸ்பிரிங் போய் வேறு போட்டிருக்கிறார்களா என்று ஆணித்தலைகளைப் பாருங்கள், புதுத்தலை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மடித்திருக்கும்போதுதான் ஸ்பிரிங் இறுகி நிற்கிறது. எனவே பழைய தட்டை ஸ்பிரிங் கத்திகளைத் திறந்த நிலையில், பூட்டிய பெட்டியில் வைப்பது நல்லது. செல்லுலாய்டு பிடி உள்ளவற்றைத் தனியே வையுங்கள். நாள்பட்டுச் சிதையும்போது வரும் ஆவி, பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும்.

பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஷெஃபீல்டு ராட்ஜர்ஸ் கம்பெனியின் கிடங்கில் யானைத் தந்தங்கள் மலையாய்க் குவிந்திருந்த புகைப்படங்கள் உண்டு. நம் காட்டுக் கடம்பை மான் கொம்பும் அங்கே பிடியாயிற்று. எழுத்தர் பென்சில் சீவிய சாதுவான பேனாக்கத்தியின் பிடியில் ஒரு யானை செத்திருக்கிறது, எல்லாரும் பயப்படும் பட்டன் கத்தியின் பிடியில் பெரும்பாலும் பித்தளையோ பிளாஸ்டிக்கோ. இம்சை எப்போதும் அலகில்தான் இருக்கும் என்று யார் சொன்னது? தந்தம் வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கவும் வைக்கும். என் பெட்டியில் தந்தம், கொம்பு, எலும்பு எதற்கும் இடமில்லை. மரம், பித்தளை, அலுமினியம் மட்டும். அப்படிப் பார்த்தும் 11 கத்திகள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு அட்டை: வாங்கிய தேதி, கொடுத்த விலை, முத்திரை, அலகின் நீளம், முன்பு எந்த வேலைக்கு இருந்தது என்று விற்றவர் சொன்ன விவரம். கடைசிக் கட்டத்தை எழுத வைப்பதற்காகவே சிலரிடம் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

மடக்கெழுத்தாணி மட்டும் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. தொண்டை நாட்டு ஊர்களில் பழைய ஓலைச்சுவடிப் பெட்டி வைத்திருக்கும் குடும்பத்தார் யாரேனும் இதைப் படித்தால், பெட்டியின் மூலையில் துருப்பிடித்த சிறு இரும்பு ஒன்று கிடக்கிறதா என்று பார்க்கவும். பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். எனக்குத் தர வேண்டும் என்பதில்லை, படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினாலே போதும்.